ஊர் ஊராக ஒரு நாடகம்: பயண நிதி வாங்கிய அனுபவம்

சென்னையில் ஒரு புது நாடகத்தின் ஆயுள் பெரும்பாலும் இரண்டு மூன்று காட்சிகள்தான். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, எழும்பூர் மியூசியம் தியேட்டரிலோ பெசன்ட் நகரிலோ ஒரு வார இறுதியில் போடுவோம். தெரிந்தவர்கள் எல்லாம் வந்து பாராட்டிவிட்டுப் போவார்கள். அப்புறம் செட்டு யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடிக்குப் போய்விடும். எங்கள் நாடகத்துக்கும் அப்படி ஆவதை நான் விரும்பவில்லை. டெல்டாவிலிருந்து பிழைக்கச் சென்னைக்கு வந்த ஒரு குடும்பத்தின் கதை அது. அதைத் தஞ்சாவூரில் போடாமல் எங்கே போடுவது? புதுச்சேரி, தஞ்சாவூர், மதுரை, திருநெல்வேலி என்று வழி வகுத்தோம். குழுவின் நிர்வாக வேலைகளை நான் பார்ப்பதால் பணம் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

புதிதாக ஒன்றைத் தயாரிக்க நிதி கேட்கச் சில கதவுகளாவது உண்டு. தயாரித்ததை நான்கு ஊருக்குக் கொண்டுபோகிறோம் என்றால் கதவுகள் சட்டென்று குறைந்துவிடுகின்றன. மத்திய கலாச்சார அமைச்சகத்தில் விழாக்களுக்கும் தயாரிப்புகளுக்கும் உதவித் திட்டம் இருக்கிறது. அதற்குக் குழு பதிவு பெற்ற சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ இருக்க வேண்டும், நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு எண்ணும் வேண்டும். 1986இல் தொடங்கப்பட்ட தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையம் தான் நடத்தும் விழாக்களுக்குக் குழுக்களை அழைக்கிறது. விழா எந்த ஊரில், எந்தத் தேதியில் என்பது அவர்கள் முடிவு. பெங்களூரில் இருக்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1995 முதல் கலை ஆய்வு, படைப்பு, கல்வி சார்ந்த முயற்சிகளுக்கு நல்கை கொடுத்துவருகிறது. அதற்கு எங்கள் நாடகம் ஏற்கெனவே முடிந்துபோன வேலை என்று எனக்குப் பட்டது.

வெளிநாட்டு நிதியைப் பற்றிப் பலரும் சொன்னார்கள். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதைத் தொட முடியாது. பதிவு வைத்திருக்கும் பெரிய அமைப்பு ஒன்று வாங்கி எங்களுக்குத் தரலாமே என்றால், 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அப்படிக் கைமாற்றவும் வழியில்லை. சரி, அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று விட்டோம். கடைசியில் கலைக்குழுக்களின் பயணத்துக்கென்றே சிறிது நிதி ஒதுக்கும் ஒரு தனியார் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தோம்.

விண்ணப்பத்தில் நாடகத்தைப் பற்றி ஒரு பக்கம்தான் கேட்டிருந்தார்கள். மீதியெல்லாம் ஊர்களைப் பற்றி. அந்த ஊரில் உங்களை அழைப்பது யார், அரங்கு எது, பார்க்க வருபவர்கள் யார், அவர்களை அழைத்து வருவது யார்? இதுதான் சரியான கேள்வி என்று இப்போதும் நினைக்கிறேன். ஊரில் ஒருவர்கூட கேட்காத நாடகத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது கலைச் சேவை ஆகாது.

அதனால் பட்ஜெட்டை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் ஊர்க்காரர்களிடம் பேசினேன். வாழ்த்துக் கடிதம் சுலபமாகக் கிடைக்கிறது, அதனால் ஒரு பயனும் இல்லை. தேதி, மேடையின் நீள அகலம், எத்தனை கிலோவாட் மின்சாரம் தாங்கும், மேடைக்கு அருகில் உடை மாற்ற அறை உண்டா, பெண்களுக்குக் கழிப்பறை உண்டா, தங்குமிடமும் சாப்பாடும் யார் பொறுப்பு, டிக்கெட் பணம் யாருக்கு என்பதெல்லாம் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம்தான் வேண்டும். மதுரைத் தோழர்கள் இதை உடனே புரிந்துகொண்டார்கள். திருநெல்வேலியில் எங்களுக்குப் பொறுப்பேற்ற அண்ணாச்சி, பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கடிதத்துக்கு முன்னால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"நாடகம் முடிஞ்ச கையோட வேனைத் திருப்பிராதீங்கம்மா. மறுநாள் காலையில எங்க பிள்ளைங்களோட ரெண்டு மணி நேரம் இருங்க. அப்பத்தான் எங்க ஊருக்குன்னு ஏதாவது மிஞ்சும்."

அவர் சொன்னதையே நான்கு ஊருக்கும் வைத்தோம். மறுநாள் காலை நடிப்புப் பயிற்சி எங்கள் திட்டத்தின் பகுதியாயிற்று. நேர்காணலில் தேர்வுக் குழு அதிக நேரம் பேசியதும் அதைப் பற்றித்தான்.

ஒவ்வொரு ஊரிலும் இரண்டு இரவுகள் என்றும் திட்டமிட்டோம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை முதலான கம்பெனிகள் ஒரே ஊரில் நாட்கணக்கில் தங்கி நாடகம் போட்டன. முதல் நாள் பார்த்தவர் தெருவில் சொல்லி அடுத்த நாள் கூட்டம் சேரும், அந்த வசூலில் அடுத்த ஊருக்குப் போவார்கள். இன்று எங்களால் அவ்வளவு நாள் தங்க முடியாது. ஆனால் ஒரே இரவு என்றால் அந்த வாய்ப்பேச்சுக்கு இடமே இல்லை. தஞ்சாவூரில் இரண்டாம் நாள் வந்தவர்களில் பாதிப் பேர் முதல் நாள் பார்த்தவர்களின் வீட்டார்தான். எங்கள் பாட்டிக்குக் காட்டணும் என்று ஒரு கல்லூரிப் பெண் பாட்டியைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள்.

பட்ஜெட்டில் பெட்ரோல், டீசலைவிட மனிதர்களுக்கான செலவுதான் விவாதமானது. சென்னையிலிருந்து திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்கு மேல். டெம்போ டிராவலர் வாடகை, ஓட்டுநர் பேட்டா, சுங்கச்சாவடி எல்லாவற்றுக்கும் கோட்டேஷன் வாங்கிவிடலாம். நடிகர்களுக்குச் சம்பளம் என்ற வரியை வைத்ததும், சாப்பாடும் பேட்டாவும் கொடுக்கிறீர்களே, போதாதா என்று அறக்கட்டளையில் கேட்டார்கள். போதாது என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் நடிகர்களில் ஒருவர் உணவு டெலிவரி செய்கிறார், இன்னொருவர் துணிக்கடையில் இருக்கிறார். ஊருக்கு வரும் நாளெல்லாம் அவர்களுக்கு வருமானம் இல்லாத நாள். பேட்டா அன்றைய இட்லிக்கும் டீக்கும்தான். இந்த வரியை வெட்டுவதென்றால் ஓர் ஊரை வெட்டுங்கள் என்றோம். ஏற்றுக்கொண்டார்கள். ஒத்திகை விட்டுப்போன நாடகத்தை மறுபடி எழுப்ப ஆகும் செலவையும் சேர்த்தோம். அதைப் பல குழுக்கள் கேட்பதே இல்லை, தயவுசெய்து கேளுங்கள். மூங்கில் தட்டிகளை மடக்குகிறபடி மாற்றி வேன் கூரையில் ஏற்றினோம், விளக்குகளை அந்தந்த ஊரிலேயே வாடகைக்கு எடுத்தோம்.

ஓர் ஊரில் அரங்க நிர்வாகம், காவல்துறையிடம் வசனப் பிரதி கொடுத்து அனுமதி வாங்கி வந்தால்தான் சாவி என்றது. நாடகங்களைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் தந்த 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்த்துதல் சட்டத்தை எதிர்த்து எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டு, அதன் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் நகலை எடுத்துப்போயிருந்தோம். மேலாளர் நிதானமாகப் படித்தார், நிகழ்ச்சி பற்றிய தகவல் கடிதம் மட்டும் போதும் என்றார். ஞாநி இல்லாவிட்டால் அன்று எங்கள் நாடகம் இல்லை.

கணக்கு விஷயத்தில் ஒன்று. பணம் தவணையாகத்தான் வரும், கடைசித் தவணை கணக்கு ஒப்படைத்த பிறகுதான். நடிகர்களைக் காத்திருக்க வைக்காமல் இருக்க, அந்தத் தொகையை உறுப்பினர்களிடம் முன்பே கடனாகத் திரட்டி வைத்தோம். வவுச்சரில் அன்றன்றே கையெழுத்து, 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் ரெவின்யூ ஸ்டாம்ப். வேனிலேயே ஒரு ஃபைல் வைத்திருந்ததால் நிதி சொன்ன வேலைக்கே செலவானது என்ற பயன்பாட்டுச் சான்றிதழை ஆடிட்டர் தரத் தாமதிக்கவில்லை. டிக்கெட் விலை 500 ரூபாய்க்குள் இருந்ததால் ஜி.எஸ்.டி. கேள்வியே எழவில்லை.

திரும்பும் வழியில் வேனில் இடமிருந்தது. அடுத்த விண்ணப்பத்தில் அதே வண்டியில் திருநெல்வேலிக் குழு ஒன்றைச் சென்னைக்கு அழைத்து வரக் கேட்டிருக்கிறோம். அண்ணாச்சி கடிதம் கொடுத்துவிட்டார். இங்கேதான் இன்னும் அரங்கு அமையவில்லை. வார நாட்களில் இரண்டு இரவு, குறைந்த வாடகைக்கு, மயிலாப்பூர், எழும்பூர் பக்கம் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.