கையெழுத்துக்கு முன்னால் கேட்டுக்கொண்டவை

பட்டாளத்தில் இருந்தவரை மனசு சரியில்லை என்று யாரும் வாய் திறக்க மாட்டோம். மருத்துவத் தகுதியைக் குறிக்கும் 'ஷேப்' (SHAPE) தரத்தில் முதல் எழுத்தே மனநலத்துக்குத்தான். அதில் தரம் இறங்கினால் பதவி உயர்வு போச்சு என்பது எங்கள் பயம். காஷ்மீரின் குப்வாராவில், தீவிரவாத எதிர்ப்புப் படையான ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் இருந்த காலத்துக் கெட்ட கனவுகள் ஊருக்கு வந்த பின்னும் விடவில்லை. கடைசியில் மனைவிதான் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ்ஸின் கார்டை எடுத்துக்கொண்டு என்னைக் கிளப்பினாள். அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் ரெஃபரல் (பரிந்துரைச் சீட்டு) வாங்கி, ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே டாக்டர் நாலு கேள்வி கேட்டு மூன்று மாத்திரை எழுதினார். "போட்டுக்கங்க சார், தூக்கம் வரும்" என்று ஆங்கில ஒப்புதல் படிவம் ஒன்றை நீட்டினார். ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். வங்கியில் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளி நான், அதுவும் நைட் டியூட்டி என்றும் சொன்னேன். "அதெல்லாம் பழகிடும்" என்றார். கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

நான் கேட்டது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, ஒப்புதல் என்றால் என்ன என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. நன்மை, ஆபத்து, மாற்று வழி மூன்றையும் நோயாளிக்குப் புரிகிற மொழியில் சொன்ன பிறகு, வற்புறுத்தல் இல்லாமல் அவர் தருவதுதான் ஒப்புதல். மனநோய் இருக்கிறது என்பதற்காக ஒருவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று ஒதுக்கவும் முடியாது. சகாக்கள் பலருக்கு இது தெரியாததுதான் என் ஆதங்கம்.

மறுபடி ரெஃபரல் வாங்கி வேறொரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். "உங்க மனைவி கூட இருக்கலாமா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இருக்கட்டும் என்றேன். மனச்சோர்வுக்கும் அதிர்ச்சிக்கும் தருகிற செர்ட்ராலின் மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், முதலில் குமட்டலும் படபடப்பும் வரலாம், தாம்பத்திய ஆசை குறையலாம் என்றார். இதையெல்லாம் எங்களிடம் இவ்வளவு நேராகச் சொன்னவர் அதுவரை யாருமில்லை. வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையக்கூடும் என்று பரிசோதனைக்கும் எழுதினார். கனவுக்குப் பிராசோசின். அது ரத்த அழுத்தத்தை இறக்கும், நான் ஏற்கெனவே பிரஷர் மாத்திரை போடுகிறவன். அதனால் முதல் மாத்திரையைப் படுக்கப் போகும்போது போட வேண்டும், இரவில் சட்டென்று எழுந்து நிற்கக் கூடாது.

முதல் டாக்டரின் சீட்டில் இருந்த குளோனசிபாம் என்ற பதற்றம் தணிக்கிற மாத்திரையை அடித்துவிட்டார். போர் அதிர்ச்சிக்கு அது மருந்தாகாது, பழக்கமாகிவிடும், கேன்டீன் ரம்மோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும் என்று காரணமும் சொன்னார். "துப்பாக்கி கையில இருக்கும்போது தப்பான எண்ணம் ஏதாவது வந்திருக்கா?" என்றும் கேட்டார். இல்லை என்றேன். மருந்து தொடங்கிய பிறகு அப்படி எதுவும் தோன்றினால் உடனே கூப்பிடச் சொன்னார். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று என் அனுமதியோடு மனைவிக்கும் விளக்கினார்.

"மாத்திரையே வேண்டாம்னா?" என்று கேட்டேன். "அதுவும் உங்க உரிமைதான் சார். நடந்ததை நேருக்கு நேரா பேசித் தீர்க்கிற சிகிச்சை இருக்கு, நேரம் பிடிக்கும். மாத்திரை ஆரம்பிச்சா மட்டும் திடீர்னு நிறுத்தாதீங்க. தலை சுத்தும், உடம்புல ஷாக் அடிச்ச மாதிரி இருக்கும்" என்றார். இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்று முடிவெடுத்தேன். அதன் பிறகுதான் கையெழுத்து.

பாலிகிளினிக் மருந்தகத்தில் சில சமயம் வேறு கம்பெனி மாத்திரை வரும். அட்டையில் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள். சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டுப் பெறவும் அதே சட்டத்தில் உரிமை உண்டு. நான் நகல் வாங்கி வைத்திருக்கிறேன்.

கனவு குறைந்திருக்கிறது, அடியோடு போகவில்லை. போன முறை செர்ட்ராலின் அளவைக் கூட்டலாமா என்று டாக்டரம்மா கேட்டார். பேச்சு சிகிச்சையை இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "நோயாளி இப்போதைக்கு வேண்டாம் என்கிறார், அடுத்த முறை பேசலாம்" என்று என் கண் முன்னாலேயே எழுதினார்.