கடைமடைக் குறிப்புகள்: சூடம் அணைக்காதவர்

2023 ஜூன் 12, திங்கள்

மேட்டூர் திறந்தாச்சு. கல்லணை, வெண்ணாறு, தென்பெரம்பூர், வெட்டாறு எல்லாம் தாண்டி, கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் வாய்க்காலுக்கு வந்தால்தான் அது எங்களுக்குத் தண்ணீர்.

சாயங்காலம் மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம். வயல்களுக்குத் தண்ணீர் முறை வைப்பதில் பாரபட்சம் காட்ட மாட்டேன் என்று ஊராட்சித் தலைவி சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணணும் என்றார்கள். சூடம் வாங்கிக்கொண்டு போனதே நான்தான். முன்பு ஒருவர் இதே வாசலில் அணைத்துவிட்டு, ராத்திரியில் ஷட்டரைத் தூக்கித் தன் வயலுக்குப் பாய்ச்சியது ஊருக்கே தெரியும். அப்படியும் எங்களுக்குச் சூடம்தான் வேணும்.

தலைவரம்மா கும்பிட்டார். "சாமிய ஜாமீனுக்கு இழுக்க வேணாம்ண்ணே. தப்பு பண்ணுனா என்னயக் கேளுங்க" என்றார். எனக்கு எரிச்சல். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: அவர் அம்மா காலத்தில் அவர்கள் தெருக்காரர்கள் சாதியால் இந்த வாசலில் நிற்கவே முடியாது. அதை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

தண்ணீர் வந்தது. நடவு முடிந்தது. இடுப்பு வலி.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

வாய்க்காலில் கணுக்கால் நனையத்தான் தண்ணீர். வயலில் விரல் நுழையும் வெடிப்பு. கர்நாடகம், காவிரி ஆணையம் என்று டிவியில் பேச்சு ஓடுகிறது.

"முடிவைச் சொல்லுங்க" என்று மூணு நாளாக எல்லாரும் நச்சரிக்கிறோம். "பாத்துட்டுச் சொல்றேன்" என்பதே பதில். இவருக்கு ஒன்றும் தெரியாது என்று டீக்கடையில் நானே சொன்னேன். அந்த மூணு நாளும் அவர் மதகு திறந்து மூடும் லஸ்கரோடு வாய்க்கால் முழுக்க நடந்திருக்கிறார். கையில் ஒரு வேப்பங்குச்சி. மதகுக்கு மதகு தண்ணீரில் விட்டு, நனைந்த இடத்தில் நகத்தால் கீறி, பிள்ளையின் பழைய கணக்கு நோட்டில் எழுதியிருக்கிறார்.

இன்று வந்து சொன்னது: "எல்லாருக்கும் பத்தாது. பொதி கட்டி, கதிர் வரப்போற பயிருக்கு முதல்ல. இளம்பயிர் கடைசி." கடைசிப் பட்டியலில் அவருடைய ஒரு ஏக்கரும் இருந்தது. தாமதமாக நட்டது. என் அஞ்சு மா நிலத்தில் ரெண்டு மா முதல் பட்டியலில், மூணு கடைசியில். கோபம்தான். ஆனால் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு எதிர்த்துப் பேச முடியவில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

அந்த ஒரு ஏக்கரின் கதையை என் வீட்டுக்காரி சொன்னாள். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களில் 44 பேரை நிலக்காரர் ஆட்கள் உயிரோடு எரித்தார்களே, அதன் பிறகு இந்தப் பக்கம் வந்து தங்கியவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். காந்தியவாதி, வள்ளலார் வழியில் நம்பிக்கை உள்ளவர். 1981இல் கணவரோடு உழுபவருக்கு நிலம் வாங்கித் தரும் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, மிராசுதார்களிடம் பேசி நிலத்தை விலைக்கு வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பெண்கள் பேரில் எழுதிக் கொடுத்தார். அப்படி வந்ததுதான் தலைவரம்மாவின் அம்மாவுக்கு. அந்தத் தீக்குப் பிறகும் நிலக்காரர் வீட்டுப் படியேறிப் பேச ஒரு மனசு வேண்டும். எனக்கு வராது.

தலைவரம்மா வீட்டிலும் வள்ளலார் படம் உண்டு. விளக்கேற்றி அரைமணி நேரம் பேசாமல் உட்காருவாராம். அந்த நேரம் போன் அடித்தால் எடுக்க மாட்டார். அவசரத்துக்கு ஆகாத பழக்கம் என்று நான் திட்டியிருக்கிறேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

பட்டியலில் ஒரு தப்பு. புருஷன் இல்லாத ஒரு பெண்ணின் பொதிப்பயிர் வயல் விட்டுப்போய், பாதி பதராகிவிட்டது. தலைவரம்மா கூட்டத்தில் எழுந்து, "நோட்டுல நான்தான் விட்டுட்டேன். லஸ்கர் மேல தப்பில்ல" என்றார். அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போயிருக்கிறார். அவள் திட்டித் தீர்த்தாளாம். திட்டட்டும், நியாயம்தானே.

தலைவரம்மாவின் ஏக்கர் கருகிவிட்டது. ஆட்டுக்கிடைக்காரரை விட்டு மேய்க்கிறார். என் மூணு மாவும் அதே கதிதான்.

அக்டோபர் 10, செவ்வாய்

மேட்டூரை மூடிவிட்டார்கள். சம்பாவுக்கு இனி மழைதான் கதி. விதைக்கலாமா வேண்டாமா என்று கூட்டம். தலைவரம்மா வழக்கம்போல, "ரெண்டு நாள் குடுங்கண்ணே" என்றார். எல்லாரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கலைந்தோம்.

வீட்டில் மாடத்தைத் துழாவினேன். ஜூனில் வாங்கிய சூடப் பொட்டலத்தில் வெறும் காகிதம்தான் இருந்தது. "ரெண்டு மிளகு போட்டு வச்சிருந்தா கரைஞ்சிருக்குமா?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.