ஆறு மணிக்குக் கவலைப்படலாம்

மார்ச் 3, 2025, திங்கள்

அப்பாவுக்குப் பயாப்ஸி பரிசோதனைக்கு எடுத்த சதை பாசிப்பயறு அளவுதான். அதை மருந்துத் தண்ணீரில் போட்ட பாட்டிலை நானேதான் ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம். சின்னவனுக்கு இன்று பிளஸ் டூ தமிழ்த் தேர்வு. அலுவலகத்தில் ஆண்டு இறுதிக் கணக்கு. மார்ச்சுக்கென்றே எல்லாம் காத்துக்கிடந்திருக்கின்றன.

மார்ச் 4

தூக்கம் இல்லை.

மார்ச் 5

"டென்ஷன் ஆகாதே" என்று சொல்லாதவர் பாக்கியில்லை. பசிக்கிறவனிடம் பசிக்காதே என்று யாராவது சொல்வார்களா? பெரியம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. புளிக்குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பினார்.

மார்ச் 6, வியாழன்

மாடிப்படியில் உட்கார்ந்து 14416-ஐக் கூப்பிட்டேன். டெலி மனாஸ், அரசின் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை என்பது தெரியும், எனக்கே தேவைப்படும் என்று நினைக்கவில்லை. ஓர் இளம்பெண் தமிழில் பேசினாள், அவசரப்படுத்தவில்லை. கவலைப்படுவதை நிறுத்தச் சொல்லவே இல்லை. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் மட்டும் கவலைப்படச் சொன்னாள். மற்ற நேரத்தில் வந்தால் ஒரு வரியில் எழுதிவைத்துவிட்டு, "ஆறு மணிக்கு வா" என்று அனுப்பிவிட வேண்டுமாம். படுக்கையில் மட்டும் கூடவே கூடாது. கேட்கக் கிறுக்குத்தனமாகத்தான் இருந்தது. பிறகு தேடிப் பார்த்தேன். 1983-லேயே தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் இதைச் சோதித்திருக்கிறார்கள்.

மார்ச் 7

ஆறு மணி. பின்கட்டுத் திண்ணை. பகலில் எழுதியவை: கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேனா, மேலாளர் ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை, சின்னவன் ஹால் டிக்கெட், அப்பா. முதல் மூன்றும் மாலைக்குள் வாடிவிட்டன. நான்காவது வாடவில்லை.

மார்ச் 8, சனி

தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தேன். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்ட வேண்டும். விடும்போதுதான் மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. வீட்டில் செய்தால் அப்பா, "என்னம்மா, வீசிங்கா?" என்கிறார். பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவர் அவர். தினமும் காலையில் மதுரை வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு முகச்சவரம் செய்கிறார். திரும்பும் வழியில் பருத்திப்பால் குடித்தேன், சுக்குக் காரம் தூக்கலாக.

மார்ச் 9

நாலு மணிக் காப்பியை விட்டாயிற்று. காஃபீனில் பாதி இறங்கவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறதாம். அப்படியானால் இத்தனை நாள் ஒன்பது மணிக்கு அரை டம்ளரை உள்ளே வைத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறேன். இன்று தலைவலி. கீழ்வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வந்தது. அப்பா இரண்டு கிண்ணம்.

மார்ச் 10

ஆய்வகத்திலிருந்து போன் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

போன் இல்லை. ஏன் இவ்வளவு நாள் என்று கொதித்துக் கொதித்து, கடைசியில் அந்தத் துணுக்குக்கு என்னதான் செய்கிறார்கள் என்று படிக்க உட்கார்ந்தேன். முதலில் ஃபார்மலினில், அதாவது அந்த மருந்துத் தண்ணீரில், ஊறவேண்டும். பிறகு ஆல்கஹாலில் ஈரத்தை எடுத்து, மெழுகில் பதித்து, சுமார் 4 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு) தடிமனில் சீவுகிறார்கள். அப்புறம் ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். யாரும் மேசையில் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கவில்லை. மூச்சுப் பயிற்சி தராத நிம்மதியை இது தந்தது. எனக்கு வேலை எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும். கணக்குப் பிள்ளை புத்தி.

மார்ச் 12

மதியம் போன். கூடுதலாக ஒரு சாயச் சோதனை செய்ய வேண்டுமாம், இன்னும் சில நாள். நல்லதா கெட்டதா என்று கேட்டேன். "அப்படியெல்லாம் இதை வைத்துச் சொல்ல முடியாது மேடம்." மணி இரண்டு பத்து. நோட்டில் எழுதினேன். ஆறு மணிவரை தாங்கவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சட்டம் போட்டவள் நான்தானே.

மார்ச் 13

அப்பாவிடம் கூடுதல் சோதனை பற்றிச் சொன்னேன். "செய்யட்டும், இன்னும் நன்றாகப் பார்க்கிறார்கள்" என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "ராத்திரி எனக்கும் தூக்கம் பிடிப்பதில்லை." சவரம், வானொலி எல்லாம் எனக்காகவா?

மார்ச் 14

ஆறு மணிக்குத் திண்ணையில் இருவர். அவருடைய பட்டியல் என்னுடையதைவிட நீளம். அதில் நோய் மூன்றாவது இடத்தில்தான் இருக்கிறது. முதலிடம், என் ரத்த அழுத்தம்.

மார்ச் 16, ஞாயிறு

ஏழு மணி நேரத் தூக்கம்! காரணம் தெரியவில்லை, ஆராயவும் போவதில்லை.

மார்ச் 17

பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. பழைய ஸ்கேன் கோப்பு எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன், ஆட்டோ வாசலில் ஹாரன் அடிக்