சுங்கை சிப்புட் காசு மிஷின்: இதுவரை நடந்த மீட்பு வேலை

காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றுக்குக் கடந்த தீபாவளிக்குப் பிறகு தொடங்கிய மீட்பு வேலை இப்போது ஒரு கட்டத்துக்கு வந்திருக்கிறது. பெட்டி ஓடுகிறது, படம் ஆடாமல் நிற்கிறது, காசு போட்டால் ஆட்டம் தொடங்குகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் மளிகைக்கடை ஒன்றின் பின்கட்டில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே கிடந்த இந்தப் பெட்டியைக் கடைத் தவுக்கே (முதலாளி) விறகு விலைக்குத்தான் தந்தார். தொண்ணூறுகளில் சம்பள நாளன்று சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் பையன்கள் இதே பெட்டியின் முன்தான் வரிசை பிடித்து நிற்பார்கள்.

உள்ளே இருப்பது 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சாம்பியன் எடிஷன்' ஆட்டத்தின் 'ரெயின்போ' பதிப்பு. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1992-இல் வெளியிட்ட அந்த ஆட்டத்தின் நிரலை யாரோ அனுமதியின்றி மாற்றி விற்ற பதிப்பு இது. ஆட்டத்தின் நடுவில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் வீரனே வேறு ஆளாக மாறிவிடுவான்; அந்தரத்தில் குதித்தபடியே நெருப்புப் பந்து எறியலாம். இப்படிப்பட்ட திருட்டுப் பதிப்புகளின் வேகத்தைப் பார்த்துத்தான் கேப்காம் அதே ஆண்டு டிசம்பரில் 'டர்போ ஹைப்பர் ஃபைட்டிங்' என்ற வேகமான பதிப்பைத் தானே இறக்கியது.

ஈப்போவில் இருக்கும் சேகரிப்பாளர் ஒருவர் இதைப் பார்த்ததும், உளுத்த பலகையையும் திருட்டுச் சிப்பையும் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது, ஜப்பானிலிருந்து அசல் பெட்டி ஒன்றை இறக்கிவிடலாமே என்றார். அவருடைய சேகரிப்பு அழகானதுதான், ஆனால் என் எண்ணம் வேறு. ஜப்பான் பெட்டியைக் காக்க ஜப்பானிலேயே ஆள் இருக்கிறார்கள். பேராக்கின் தோட்டப் பட்டணத்தில் உள்ளூர்த் தச்சர் ஒட்டுப்பலகையில் அடித்து, டி.வி. படக்குழாய் பொருத்தி, 20 காசு விழும்படி அமைத்த பெட்டியைக் காக்க வேறு யார் வரப்போகிறார்கள்? ஆகவே இங்கே எது ஓடியதோ அதை அப்படியே ஓடவைப்பது, மாற்றியே ஆக வேண்டியதை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்துகொண்டேன். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையிலும் இந்த முடிவு குறுக்கே வந்து நின்றது.

முதலில் திரை. மின்சாரம் கொடுத்ததும் நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு கிடைமட்டமாக எரிந்ததே தவிர, படம் விரியவில்லை. குழாய் போய்விட்டது என்றுதான் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பட்டணத்தில் முன்பு டி.வி. பழுதுபார்த்து, இப்போது ஓய்வில் இருக்கும் அண்ணன் ஒருவர் மட்டும் சிரித்தார். "டியூப் போயிருந்தா கோடு எப்படி தம்பி எரியும்? வெர்ட்டிக்கல்தான் படுத்துருச்சு, அந்த ஐ.சி. காலைப் பாருங்க," என்றார். அவர் சொன்னபடி பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, குழாயின் பின்புறத்தில் உள்ள பூமிப் பின்னலோடு கம்பியால் இணைத்த ஸ்குரூடிரைவரை ஆனோட் ரப்பர் மூடிக்குள் நுழைத்து, தேங்கிய மின்னை இறக்கிவிட்ட பிறகே சேசிஸை (குழாயை இயக்கும் மின்சுற்றுப் பலகை) வெளியே எடுத்தேன். இருபது அங்குலக் குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும். அணைத்த பிறகும் அது குழாயில் தங்கியிருக்கும் என்பதால், இந்த இடத்தில் அவசரம் கூடவே கூடாது.

கைக்கடிகாரம் பார்ப்பவரின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. படத்தை மேலும் கீழும் விரிக்கும் ஐ.சி.யின் கால்களில் இரண்டைச் சுற்றி, ஈயப்பற்றின் நடுவே முடி அளவு கறுப்பு வளையம் ஓடியிருந்தது. ஆண்டுக்கணக்காகச் சூடேறி ஆறிச் சூடேறி ஆறியதில், கால் பற்றிலிருந்து விடுபட்டிருக்கிறது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்ததும் கோடு விரிந்து படமானது. ஆனால் மேல் விளிம்பு மடிந்து, படத்தின் ஓரங்கள் நெளிந்தன. அதற்குக் காரணம் உலர்ந்துபோன மின்தேக்கிகள். 85 டிகிரிச் சூடு வரை தாங்கும் மின்பகு மின்தேக்கிகளை எல்லாம் கழற்றிவிட்டு 105 டிகிரி வகையைப் போட்டேன். பெரிய வடிகட்டி மின்தேக்கி ஒன்று மட்டும் அளந்து பார்த்ததில் நல்ல நிலையில் இருந்ததால் அதைத் தொடவில்லை.

குழாயின் கண்ணாடியில் உயிர்க்கோடுகளின் (வீரர்களின் மிச்ச பலத்தைக் காட்டும் பட்டைகள்) தடம் நிரந்தரமாகப் பதிந்துவிட்டிருக்கிறது. அணைத்திருக்கும்போதும் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். வேறு குழாய் மாற்றலாம், தட்டைத் திரை வைப்பது அதைவிட எளிது. ஆனால் 384-க்கு 224 புள்ளிகள் கொண்ட படத்தைத் தட்டைத் திரை இழுத்து நீட்டும்போது, அந்தக் காலத்து ஓவியர்கள் குழாயின் மெல்லிய மங்கலை மனத்தில் வைத்து வரைந்த நிழல்கள் எல்லாம் கட்டம் கட்டமாகப் பிய்ந்து தெரிகின்றன. தடத்தோடு கூடிய குழாயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒன்று மட்டும் கட்டாயம் சேர்த்தேன்: தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர். இந்த வகை சேசிஸ் நேரடியாக வீட்டு மின்சாரத்தோடு ஒட்டியிருக்கும். பெட்டியை முதலில் அடித்தவர் அந்தச் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார். அசலைக் காப்பது நல்லதுதான், அதற்காக மின்னதிர்ச்சியையும் காத்துக்கொண்டிருக்க முடியாது.

அடுத்தது ஆட்டத்தை ஓட்டும் மின்சுற்றுப் போர்டு. கேப்காமின் இந்தத் தலைமுறைப் போர்டு மூன்று அடுக்காக வரும். மேலடுக்குகளைப் பிரித்தபோது, அடியடுக்கான ஏ போர்டில் மோட்டோரோலா 68000 செயலிக்கு அருகிலேயே பல்லி முட்டையிட்டிருந்தது. ஓடுகளைத் தூரிகையால் பெருக்கி, ஆல்கஹாலால் துடைத்து, விளிம்புத் தொடர்பிகளைப் பென்சில் அழிப்பானால் தேய்த்தேன். போர்டையும் பெட்டியையும் இணைக்க 1985-இல் வந்த ஜம்மா என்ற பொது முறைப்படி 56 தொடர்பிகள் உள்ள விளிம்பு இது. அந்த முறையில் ஓர் ஆட்டக்காரருக்கு மூன்று பொத்தான்களுக்குத்தான் இடம் உண்டு என்பதால், உதைக்கும் பொத்தான்கள் மூன்றுக்கும் தனிக் கம்பித்தொடர் செல்கிறது. என் பெட்டியில் அது எலி கடித்துத் துண்டாகியிருந்ததால் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று.

மின்வழங்கியில் 5 வோல்ட் சரியாகக் காட்டியும் ஆட்டம் இடையிடையே உறைந்தது. அளக்க வேண்டியது மின்வழங்கியில் அல்ல, போர்டின் மேல். நீண்ட மெல்லிய கம்பியில் வழியிலேயே வோல்ட் இறங்கிவிடுகிறது. தடித்த கம்பி இழுத்து, போர்டில் 5 வோல்ட் நிற்கும்படி திருகியதும் உறைவது குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. மீதிக் குற்றம் நிரல் ஈப்ராம் (புற ஊதா ஒளியால் அழித்து மீண்டும் எழுதக்கூடிய நினைவகச் சிப்பு) ஒன்றில் இருந்தது. சிப்பின் கண்ணாடிச் சன்னலை மூடும் ஒட்டுத்தாள் எப்போதோ உதிர்ந்து, எழுதிய தரவு நைந்திருந்தது. படிக்கும்போதெல்லாம் வேறு வேறு சரிபார்ப்பு எண் வந்தது. மற்ற சிப்புகளின் எண்கள், பழைய காசு ஆட்டங்களைக் கணினியில் ஓடவைக்க 1997-இல் தொடங்கிய மேம் திட்டம் பட்டியலிட்டிருக்கும் ரெயின்போ தொகுப்புகளில் ஒன்றோடு அச்சுப் பிசகாமல் பொருந்தியதால், நைந்த சிப்பில் எது இருந்திருக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. அதே தரவைப் புதிய சிப்பில் எழுதி, சன்னலை ஒளி புகாத தாளால் மூடினேன். பழைய சிப்பு பெயர் எழுதிய உறையில் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

ஈப்போக்காரர் புகழும் 1993-இன் 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' போர்டில் நிரலைத் திறக்கும் பூட்டுச் சாவி ஒரு சிறிய மின்கலத்தின் தயவில் வாழ்கிறது. மின்கலம் தீர்ந்தால் அசல் போர்டே ஊமையாகிவிடும். என்னுடைய திருட்டுப் பதிப்பில் பூட்டு எதுவும் இல்லை. அதை அவரிடம் சொல்லிக் கொஞ்சம் மகிழ்ந்துகொண்டேன்.

பலகை வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கரையான் தின்ற அடிப்பாகத்தை அறுத்தெடுத்துப் புதிய ஒட்டுப்பலகை பொருத்தி, மீதிப் பலகைக்குப் போரிக் அமிலக் கரைசல் தடவினேன். பக்கவாட்டில் கத்தியால் கீறிய பெயர்கள் இருக்கின்றன, சாயம் பூசவில்லை.

காசுப் பொறி வெற்றிலைப் பெட்டி பொறித்த பழைய 20 காசை மட்டும் ஏற்கும். 2012-இல் வந்த மஞ்சள் நிறக் காசு நேரே கீழ்த்தட்டில் விழுந்துவிடுகிறது. பொறியைத் திருத்தலாம் என்று டி.வி. அண்ணன் சொன்னார், நான் பழைய காசுகளைப் பிஸ்கட் டின் ஒன்றில் சேர்த்து வைத்து, ஆட வருபவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறேன்.

இப்போதைய கவலை ஈரம்தான். செம்பனைக்காட்டை ஒட்டிய வீடு, பிற்பகல் தவறாமல் மழை. பெட்டியைத் தரையிலிருந்து கட்டை வைத்து உயர்த்தி, உள்ளே சிலிக்கா ஜெல் பைகள் போட்டு, வாரந்தோறும் சிறிது நேரம் ஓடவிடுகிறேன். உள்சூடு ஈரத்தைத் துரத்துகிறது. இடி முழங்கினால் பிளக் சுவரில் இருக்காது. ஒலிபெருக்கியின் கூம்பு கிழிந்து, குத்து விழும்போதெல்லாம் கரகரக்கிறது, அதைத்தான் அடுத்து மாற்ற வேண்டும். இந்தச் சேசிஸுக்குப் பொருந்தும் ஃபிளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் (குழாய்க்கு உயர் வோல்ட் தருவது) ஒன்றைத் தம் பழைய சாமான்களில் தேடித் தருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்; கிடைத்தால் உதிரியாக வைத்துக்கொள்வேன்.