மண்டபத்து சர்வருக்கு எது சரி?

மண்டபத்தில் நண்டும் கணவாயும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனிக்கு சர்வர் மாற்றும் வேலை. பழைய பெட்டியில் விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ, அதாவது ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் மென்பொருள். உள்ளே டேலிக்கு ஒரு விண்டோஸ், எடைமேடை பில்லுக்கு ஒன்று, குளிர் அறை வெப்பநிலையைப் பதிவுசெய்ய ஒரு லினக்ஸ்.

“அதையே போட்டுரலாமே தம்பி?” என்றார் முதலாளி. தரத்தில் குறை இல்லை அண்ணாச்சி, விலையில்தான். 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் நிறுவனம் வாங்கிய பிறகு, ஒருமுறை பணம் கட்டி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் போய்விட்டது. இனி சந்தா, அதுவும் பிராசசருக்குள் இருக்கும் கோர் (கணிக்கும் பகுதி) கணக்கில். பிராசசரில் 8 கோர்தான் இருந்தாலும் 16-க்குக் கட்ட வேண்டும். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கிற ஊரில் இது கட்டுப்படியாகுமா? இலவசப் பதிப்பை 2024-ல் நிறுத்தி 2025-ல் திரும்பக் கொடுத்தார்கள். அதை நம்பித் தொழில் நடத்த முடியாது.

விண்டோஸ் மட்டும் தெரிந்தவர் பார்த்துக்கொள்வதானால், விஎம் ஓட்ட மைக்ரோசாஃப்ட் தரும் ஹைப்பர்-வி போதும். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு லைசென்சிலேயே இரண்டு விண்டோஸ் விஎம் அடங்கிவிடும்.

என் ஓட்டு பிராக்ஸ்மாக்சுக்கு. இதுவும் விஎம் ஓட்டும் மென்பொருள்தான்; டெபியன் லினக்ஸ் மேல், லினக்சின் கேவிஎம் வசதியில் ஓடுகிறது, ஓப்பன் சோர்ஸ். 8.2 பதிப்பிலிருந்து இஎஸ்எக்ஸ்ஐ விஎம்களை நேராக இழுத்துக்கொள்ளும். விண்டோசில் மட்டும், கேவிஎம்மின் மெய்நிகர் டிஸ்க்கை அடையாளம் காண உதவும் விர்ட்ஐஓ டிரைவரை முன்னாலேயே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் டிஸ்க்கை விர்ட்ஐஓவுக்கு மாற்றியதும் நீலத்திரைதான்.

அப்புறம், உப்புக்காற்றுக்கு எந்த மென்பொருளும் மருந்தில்லை. பழைய பெட்டியில் ஃபேன் திருகெல்லாம் துருப்பிடித்து உதிர்கிறது. பேக்கப் பெட்டி ராமநாதபுரம் கிளையில் இருக்கட்டும் என்றேன். சர்வர் அறைக்கு ஏசி எவ்வளவு ஆகும் என்று முதலாளி கேட்டிருக்கிறார்.