திரண்டால் ஒளிரும் மூலக்கூறுகளில் மின்னூட்டத்தின் பங்கு

திரண்டால் ஒளிரும் கரிம மூலக்கூறுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 2001ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறார்கள். நான் 1936ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்தின் ஹாரோவில் இருந்த கோடாக் ஆய்வகத்தில் எட்வின் ஜெல்லி, ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில் குந்தர் ஷைபே ஆகிய இருவரும் சூடோஐசோசயனின் என்னும் சாயத்தில் ஒரு விந்தையைக் கண்டார்கள். நேர்மின்னூட்டம் கொண்ட அந்தச் சாயம் நீர்த்த கரைசலில் ஏறக்குறைய ஒளிர்வதே இல்லை. கரைசலின் செறிவைக் கூட்டினாலோ சாதாரண உப்பைச் சேர்த்தாலோ, 570 நானோமீட்டருக்குச் சற்று மேலே கூர்மையானதோர் உட்கவர் பட்டை (ஒளியை உறிஞ்சும் அலைநீளப் பகுதி) தோன்ற, அதே இடத்தில் வலுவான ஒளிர்வும் எழுந்தது. நேர்மின்னூட்டம் கொண்ட மூலக்கூறுகள் ஒன்றையொன்று விலக்கும். உப்பின் அயனிகள் அந்த விலக்கத்தை மறைத்துவிடுவதால் சாய மூலக்கூறுகள் நெருங்கி அடுக்காகச் சேர்கின்றன. ஜெல்லியின் முதலெழுத்தால் ஜே-திரள் என்று இன்றும் வழங்குவது இதைத்தான்.

ஆயினும் வேதியியலாளர்களின் பொது நம்பிக்கை இதற்கு நேர்மாறாகவே வேரூன்றியது. 1954இல் ஃபோர்ஸ்டரும் காஸ்பரும் பைரீன் என்னும் தட்டையான மூலக்கூறின் கரைசலில் செறிவைக் கூட்டும்போது அதன் ஒளிர்வு தணிவதைக் காட்டினார்கள். தட்டையான மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும்போது, ஒளியை உறிஞ்சிப் பெற்ற கிளர்நிலை ஆற்றல் வேறு வழிகளில் கரைந்துபோவதால், ஒளிர்வு வேண்டுமென்றால் மூலக்கூறுகளைத் தனித்தனியாக வைக்க வேண்டும் என்பது விதி போலவே ஆகிவிட்டது.

அந்த விதியை 2001இல் அசைத்தது ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பென் ஜோங் டாங் குழுவினர் கண்ட ஒரு சிறு புள்ளி. சேர்மங்களைப் பிரித்துப் பார்க்கப் பயன்படும் மெல்லடுக்குத் தகட்டில் (டிஎல்சி) சைலோல் என்னும் சிலிக்கான் வளையச் சேர்மம் ஒன்றின் கரைசலை வைத்துப் புறஊதா விளக்கின்கீழ் பார்த்தபோது, ஈரமாக இருந்தவரை இருண்டிருந்த அந்தப் புள்ளி, கரைப்பான் ஆவியானதும் ஒளிரத் தொடங்கியது. டெட்ராஃபீனைல்எத்தீன் என்னும் எளிய மூலக்கூறிலும் இதைக் காணலாம். டெட்ராஹைட்ரோஃபியூரான் என்னும் கரைப்பானில் கரைத்தால் அது இருண்டிருக்கும். அதில் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே போய் தண்ணீரின் பங்கு 90 விழுக்காட்டை நெருங்கும்போது குப்பி முழுவதும் நீலமாக ஒளிரும். விசிறி இறக்கைகளைப் போல முறுக்கிக்கொண்டு நிற்கும் நான்கு ஃபீனைல் வளையங்கள் கரைசலில் அசைந்து கிளர்நிலை ஆற்றலை வெப்பமாகச் செலவிடுகின்றன. திரளுக்குள் அசைய இடமில்லாததால் ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. முறுக்கிய வடிவம் காரணமாக அவற்றால் பைரீனைப் போல நெருக்கமாக அடுக்கிக்கொள்ளவும் முடிவதில்லை.

மின்னூட்டத்தின் அருமை இங்கேதான் தெரிகிறது. வெறும் டெட்ராஃபீனைல்எத்தீன் நீரில் கரையாது. நீரில் இட்ட உடனே திரண்டு ஒளிர்ந்துவிடுவதால் அதை எதையும் கண்டறியும் கருவியாகப் பயன்படுத்துவது கடினம். அதனுடன் நான்கிணைய அம்மோனியம், பிரிடினியம் போன்ற நேர்மின்னூட்டத் தொகுதி ஒன்றை இணைத்தால் அது நீரில் கரைந்து இருண்டிருக்கும். டிஎன்ஏயின் ஃபாஸ்ஃபேட், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினின் சல்ஃபேட், பாக்டீரியாச் சுவரின் டைக்கோயிக் அமிலம் என எதிர்மின்னூட்டம் கொண்ட ஒன்றைச் சந்தித்தால் அதில் ஒட்டி, அசைவை இழந்து, ஒளிரும். ஒட்டாமல் மிஞ்சியவை இருண்டே இருப்பதால், கண்ணாடித் தகட்டில் உள்ள பாக்டீரியாவைச் சாயமேற்றிய பின் கழுவாமலே நுண்ணோக்கியில் பார்க்க முடிகிறது.

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் கணக்கு இன்னும் அழகானது. அதன் உட்சவ்வின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 180 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் உள்ளது. ஒற்றை நேர்மின்னூட்டம் கொண்ட ஓர் அயனி ஒவ்வொரு 60 மில்லிவோல்ட்டுக்கும் ஏறக்குறைய பத்து மடங்கு உள்ளே சேரும் என்பதால், மொத்தச் செறிவு ஆயிரம் மடங்கை நெருங்கலாம். 2013இல் டாங் குழுவினர் டெட்ராஃபீனைல்எத்தீனுடன் நேர்மின்னூட்டம் கொண்ட ட்ரைஃபீனைல்ஃபாஸ்ஃபோனியத்தை இணைத்து மைட்டோகாண்ட்ரியாவைப் படம்பிடித்தபோது பயன்பட்டது இந்த ஈர்ப்பே. வழக்கமான சாயங்கள் செறிவு கூடும்போது மங்கும் இடத்தில் இது பிரகாசிக்கிறது.

உரிய கவனத்தைப் பெறாத ஒன்று எதிரயனி, அதாவது நேர்மின்னூட்ட மூலக்கூறுடன் உப்பில் சேர்ந்து வரும் எதிர்மின் அயனி, என்பது என் கருத்து. மெத்தில் அயோடைடைக் கொண்டு பிரிடினியம் உப்பைத் தயாரித்தால் அயோடைடு அயனியும் கூடவே வருகிறது. அது ஒளிர்வைத் தணிக்கக்கூடியது என்பதால் பல ஆய்வகங்களில் அதை ஹெக்சாஃப்ளூரோஃபாஸ்ஃபேட்டாக மாற்றிக்கொள்கிறார்கள். பருமனான அந்த எதிரயனி நேர்மின்னூட்ட வளையத்தின்மேல் அமர்ந்துகொண்டால், அடுத்த மூலக்கூறு வந்து படியும் வழியும் அடைபடுகிறது.

ஒளிர்ந்தாலே திரண்டுவிட்டது என்று முடிவுகட்டுவது மட்டும் சரியன்று. 1959இல் வாசரும் கல்லிங்கும் அமிலாய்டு என்னும் புரத இழைப் படிவுகளைக் காண அறிமுகப்படுத்திய தயோஃபிளேவின்-டி சாயம் நேர்மின்னூட்டம் கொண்டதுதான். ஆனால் அதன் தனி மூலக்கூறே புரத இழையின் பள்ளத்தில் சிக்கி, இரு வளையங்களுக்கு இடையிலான சுழற்சி தடைபட்டால் ஒளிர்ந்துவிடுகிறது.

நேர்மின்னூட்டம் கொண்ட, திரண்டால் ஒளிரும் மூலக்கூறுகள் சில, ஒளி படும்போது செல்களைச் சிதைக்கும் வினைமிகு ஆக்சிஜனை உண்டாக்கி பாக்டீரியாவைக் கொல்கின்றன. நம் செல்களின் வெளிப்பரப்பைவிட பாக்டீரியாவின் பரப்பில் எதிர்மின்னூட்டம் மிகுதி என்பதால் அவை முதலில் அங்கே ஒட்டுகின்றன. நேரம் நீண்டால் அதே மின்னூட்டம் அவற்றை நம் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் இழுத்துச் செல்லும். ஆகவே ஒளியை எப்போது பாய்ச்சுவது என்பதே ஒளியால் பாக்டீரியாவைக் கொல்லும் இந்தச் சிகிச்சை முறையில் மிகக் கவனமாகத் தீர்மானிக்க வேண்டிய ஒன்றாகிறது.