கிட்டப் போகாமல் காட்டுவது

யாழ்ப்பாணத்தில் வான் வைத்து ஊர் காட்டுவது என் தொழில். வருகிறவர்கள் நல்லூர், கோட்டை, நூலகம், ஐஸ்கிறீம் கடை என்று ஓடி முடித்து, மிஞ்சுகிற அரை நாளைத்தான் கடலுக்கும் பறவைகளுக்கும் வைப்பார்கள். எனக்குப் பேச்சு அதிகம் செலவாவது அந்த அரை நாளில்தான். கோட்டையை எத்தனை பேர் தொட்டாலும் அது எழும்பிப் பறக்காது.

மாரி தொடங்கிய பிறகு பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் போனால், பரவைக்கடலில், அதாவது ஆழமில்லாத களப்பில், பூநாரைகளைப் பார்க்கலாம். சொண்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றுத் தண்ணீரை உறிஞ்சி, நாக்கால் தள்ளி வடித்துத் தின்னும். சிறு இறால் வகைகள், பாசி போன்றவைதான் அதன் சாப்பாடு. உடம்பின் சிவப்பே அந்தச் சாப்பாட்டிலிருந்து வருவது. ஆனால் நிற்கும்போது தூரத்தில் வெள்ளையாகத்தான் தெரியும். செட்டையை விரித்தால்தான் சிவப்பும் கறுப்பும் பளிச்சென்று தெரியும்.

சிக்கல் அங்கேதான். எல்லோருக்கும் பறக்கிற படம் வேண்டும். ஒருவர் கை தட்டுவார், ஒருவர் கல்லைத் தேடுவார், வசதி உள்ளவர் ட்ரோனை எடுப்பார்.

"தம்பி, ஒருக்கால் எழுப்பிவிட்டால் என்ன? திரும்ப வந்து இருக்கும்தானே?" என்று கேட்பார்கள்.

இருக்கும்தான். ஆனால் நமக்குப் பிறகு வருகிற வானில் உள்ளவர்களும் அதையே கேட்பார்கள். பக்கத்தில் மேய்கிற ஊசிவால் வாத்துகள் வட ஆசியாவிலிருந்து பறந்து வந்தவை. திரும்பிப் போகத் தேவையான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் எழும்பிச் சுற்றினால் தின்ற நேரமும் போய்விடும், தின்றதும் போய்விடும்.

என் முறை எளிது. சாரதியிடம் வானை வீதி ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொல்வேன். யாரும் இறங்குவதில்லை. பறவைகள் வாகனத்தைப் பொறுத்துக்கொள்ளும், அதிலிருந்து இறங்கி நடக்கும் ஆளைத்தான் பொறுக்காது. தொலைநோக்கியைக் கையில் கொடுத்து, பிளாஸ்கில் இருக்கும் பால் விடாத பிளேன்ரீயை ஊற்றிக் கொடுப்பேன். முதல் பத்து நிமிடம் முணுமுணுப்பு இருக்கும். அப்புறம் யாராவது ஒருவர், பெரும்பாலும் ஒரு பிள்ளை, "அது காலால் சேற்றை மிதிக்குது" என்று கண்டுபிடிப்பார். அதோடு வானே அடங்கிவிடும். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் நன்றாகக் காத்திருப்பார்கள் என்பது இந்தத் தொழிலில் நான் படித்தது.

வெளியூர்ப் பறவை ஆர்வலர்கள் வேறு மாதிரி. கொழும்பிலிருந்து வந்த ஓர் ஐயா, கைதடிக்குக் கிட்ட வானை நிறுத்தச் சொல்லிப் பதறினார். "என்ன ஐயா, பாம்போ?" என்று சாரதி கேட்டார். இல்லை, மின்கம்பியில் ஒரு கரிச்சான். "இது மாட்டு முதுகில சும்மா இருக்கிற சாமான். இதுக்கோ?" என்று சாரதிக்குச் சிரிப்பு. ஆனால் இலங்கையில் கரிச்சானை வடக்கிலும் வடமேற்கிலும்தான் தாராளமாகப் பார்க்கலாம். கௌதாரியும் அப்படித்தான். நம் வேலியோரம் ஓடுவதைப் பார்க்கக் காசு செலவழித்து வருகிறார்கள். அதற்குப் பிறகு கரிச்சானைக் கண்டால் சாரதி தானாகவே வேகத்தைக் குறைக்கிறார்.

அதிகம் பேர் கேட்பது நெடுந்தீவுக் குதிரைகளைத்தான். குறிகட்டுவானில் படகு ஏறுமுன்பே பையில் பிஸ்கட் வைத்திருப்பார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அவை, இந்த மண்ணின் காட்டு விலங்கு அல்ல. எனக்கும் அவற்றைப் பிடிக்கும், ஆனால் பிஸ்கட்டை வாங்கி என் பையில் வைத்துவிடுவேன். 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதியையும் சுண்டிக்குளத்தையும் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சுண்டிக்குளம் 1938 முதலே பறவைகள் சரணாலயம். அப்படியிருந்தும் குதிரைக்கு நூறு பேர் கேட்டால் சுண்டிக்குளத்துக்கு ஒருவர் கேட்பதே பெரிது.

மணற்காடு என்ற கரையோர ஊரில் என் கோபம் கொஞ்சம் வெளியே வரும். மண் மூடிய பழைய அந்தோனியார் கோயிலைப் படம் எடுக்க வருகிறவர்கள், மணற்குன்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பார்க்கிறார்கள். அங்கே மணலைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் ஊரில் சொல்லாதவர் இல்லை. ஆனால் அதன் மேல் சில்லு ஏறும்போது அது யாருக்கும் நினைவில்லை. கொடி போனால் மணல் காற்றோடு போகும். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில், மழைத்தண்ணீரை வாங்கி நிலத்துக்குள் விடுவது அந்த மணல். அங்குள்ள கிணறு நல்ல தண்ணீராக இருக்கிறதென்றால் அதில் மணலுக்கும் பங்கு உண்டு. இதை நான் சொன்னால் சிலர் கேட்பார்கள், சிலர் "அண்ணை, ஒரே ஒரு ரவுண்ட்" என்பார்கள். அந்த ஒரு ரவுண்டுக்காக வானை நிறுத்துவதில்லை.

ட்ரோன் படம் கேட்டு வரும் பதிவுகளையும் எடுப்பதில்லை. அதில் வருமானம் குறைகிறது, மறைக்க ஒன்றுமில்லை. எடுக்கிற வேறு வான்காரர் இருக்கிறார்கள், கேட்கிறவர்கள் அங்கே போகிறார்கள். இந்த மாரிக்கு முன் இன்னொரு தொலைநோக்கி வாங்க வேண்டும். இப்போது இருக்கிற ஒன்றுக்குப் பின் இருக்கையில் பிள்ளைகள் சண்டை பிடிக்கிறார்கள்.